இரண்டாம் உலகப் போர் எந்த இடத்தில் திரும்பியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் மாணவர்களும் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி.

ஒரு சண்டையைத் திருப்புமுனை என்று எதை வைத்துச் சொல்வது?

எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை மைல் முன்னேறினார்கள் என்பதை வைத்து அல்ல. அடுத்த சண்டை எங்கே, எப்போது நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வாய்ப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பு கை மாறினால் அதுதான் திருப்புமுனை. 1942 கோடைக்காலம் வரை இடத்தையும் நாளையும் குறித்தவை ஜெர்மனியும் ஜப்பானும்தான். மற்றவர்கள் பின்னால் ஓடிப்போய்த் தடுத்துக்கொண்டிருந்தார்கள். 1943 கோடைக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. அந்த ஓராண்டுக்குள் அப்படி என்ன நடந்தது என்று தேடினால், தளபதிகளின் மேதைமையைவிட எண்ணெயும் தானியமும் ரயிலும் கப்பலும்தான் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்தே எழுதியிருக்கிறேன்.

டன்கிர்க் வெற்றியா, தோல்வியா?

தோல்விதான். 1940 மே 10 அன்று ஜெர்மானியர்கள் மேற்கே பாய்ந்தார்கள். டாங்கிகள் நுழைய முடியாது என்று கருதப்பட்ட ஆர்டென் காடுகள் வழியாக வந்து, மூன்றே நாளில் செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்தார்கள். மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலிய வீரர்கள் சுமார் 3,38,000 பேர் இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டனர். பீரங்கிகளும் வண்டிகளும் அங்கேயே கைவிடப்பட்டன. ஜூன் 22 அன்று பிரான்ஸ் பணிந்தது. 1918-இல் ஜெர்மனி கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் உட்காரவைத்துத்தான் ஹிட்லர் கையெழுத்து வாங்கினார்.

பிரிட்டன் வான்போரில் ஜெர்மனி ஏன் தோற்றது?

பிரிட்டிஷ் விமானிகளின் துணிச்சலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பிரிட்டிஷ் போர் விமானப் படைத் தலைவர் ஹியூ டவுடிங் உருவாக்கிய தகவல் அமைப்பு. கடலோர ராடார் நிலையங்களிலிருந்தும் கண்காணிப்பாளர்களிடமிருந்தும் வரும் செய்திகள் ஓரிடத்தில் சேர்ந்து, சில நிமிடங்களில் விமானத் தளங்களுக்குக் கட்டளையாகப் போய்ச் சேரும். எதிரி வரும் திசை தெரிந்த பிறகே விமானங்கள் கிளம்பியதால் எரிபொருளும் ஆட்களும் வீணாகவில்லை. சுட்டு வீழ்த்தப்பட்டு பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் விமானி தன் மண்ணில் இறங்கி மறுநாளே பறக்கலாம். ஜெர்மானிய விமானி சிறைக்குத்தான் போக வேண்டும்.

1940 செப்டம்பர் 7 அன்று ஜெர்மானியர்கள் விமானத் தளங்களை விட்டுவிட்டு லண்டன் நகரத்தின் மேல் குண்டு வீசத் தொடங்கினர். லண்டன் மக்களுக்கு அது பெருந்துயரம். தளங்களுக்கோ மூச்சு விட நேரம் கிடைத்தது. பத்து நாள் கழித்து ஹிட்லர் பிரிட்டன் மீதான படையெடுப்பை ஒத்திவைத்தார். இது திருப்புமுனையா என்றால், பாதிதான். அடுத்து எங்கே அடிப்பது என்று தீர்மானித்தவர் இன்னும் ஹிட்லர்தான். அவர் கிழக்கே திரும்பினார். ஆனால் பின்னாளில் பிரான்சின் நார்மண்டியில் இறங்கிப் போரிடப் புறப்பட ஒரு தீவு மிஞ்சியது.

ரஷ்யாவில் ஹிட்லரைத் தோற்கடித்தது பனிதானே?

பாதி உண்மை. மீதிப் பாதி மறந்துபோவதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1941 ஜூன் 22 அன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தனர். வடக்கே லெனின்கிராட், நடுவே மாஸ்கோ, தெற்கே கீவ் என்று மூன்று படைத் தொகுதிகள். சில வாரங்களிலேயே சோவியத் ராணுவமான செம்படையை எல்லைக்கு அருகில் நொறுக்கிவிடலாம் என்பது கணக்கு. நொறுக்கவும் செய்தார்கள், செப்டம்பரில் கீவ் முற்றுகையில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டதாக ஜெர்மனி அறிவித்தது. ஆனால் செம்படை தீரவில்லை. அழிந்த டிவிஷன்களின் இடத்தில் புதியவை வந்துகொண்டே இருந்தன.

இதற்கிடையே ஜெர்மானியப் படை தன் சொந்தத் தூரத்திலேயே மாட்டிக்கொண்டது. சோவியத் ரயில் பாதையின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியினுடையது 1,435. ஒன்பது சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அதற்காகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்டவாளத்தைப் பெயர்த்து நெருக்கி அடிக்க வேண்டியிருந்தது. டாங்கிப் படை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சேனை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை நம்பித்தான் உள்ளே போனது. அக்டோபர் மழையில் சாலைகள் சேறாகின. வரும் ரயில்கள் போதாததால் குண்டா, பெட்ரோலா, கம்பளி உடையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. கம்பளி பின்தங்கியது. குளிர் இரு தரப்புக்கும் ஒரே குளிர்தான். அதற்குத் தயாராக வந்தவர்களையும் வராதவர்களையும் அது வேறுவேறாக நடத்தியது.

எதிர்ப்பக்கத்தில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றி யூரல் மலைப் பகுதிக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய்விட்டார்கள். சில இடங்களில் கூரை போடும் முன்பே இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஜப்பான் இப்போதைக்கு சைபீரியாவைத் தாக்காது என்று டோக்கியோவிலிருந்து உளவாளி ரிச்சர்ட் சோர்கே செய்தி அனுப்பினார். கிழக்கிலிருந்து படைகள் மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தன. டிசம்பர் 5 அன்று சோவியத் தளபதி ஜுகோவின் தலைமையில் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. ஜெர்மானியர்கள் 100 கிலோமீட்டருக்கும் மேல் பின்னுக்குத் தள்ளப்பட்டனர்.

அளவுகோலுக்கு வருவோம். அடுத்த கோடையில் தாக்கும் இடத்தை மறுபடியும் ஜெர்மனிதான் தேர்ந்தெடுத்தது. ஆனால் 1941-இல் மூன்று திசைகளிலும் தாக்க முடிந்த படை, 1942-இல் தெற்கே ஒரு திசையில் மட்டுமே தாக்க முடிந்தது. என் கருத்தில் போரின் முடிவு மாஸ்கோவின் வாசலிலேயே தெரியத் தொடங்கிவிட்டது.

லெனின்கிராட் முற்றுகை ஏன் பல திருப்புமுனைப் பட்டியல்களில் இல்லை?

அங்கே எதுவும் திரும்பவில்லை என்பதால். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள், அந்த நகரம் விழவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்குப் பின்னால் பல லட்சம் உயிர்கள் இருக்கின்றன.

1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் பிற்பகுதி வரை, தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு முழுதாக இல்லை. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. அதே நகரில் நிக்கோலாய் வவிலோவ் உருவாக்கிய விதைக் களஞ்சியம் இருந்தது. உலகமெங்குமிருந்து சேகரித்த தானிய, கிழங்கு, பயறு விதைகள். அங்கே வேலை செய்தவர்கள் அந்த விதைகளை உண்ணவில்லை. நெல் வகைகளைப் பாதுகாத்துவந்த டிமிட்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் மாதிரிப் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் இறந்தார். போர் வரலாற்றில் நான் மிக உயர்வாக வைத்திருக்கும் மனிதர்களில் அவர் ஒருவர். அவர் கையில் துப்பாக்கி இல்லை.

ஜப்பான் ஏன் அமெரிக்காவைத் தாக்கியது? வலியப் போய் வம்பை வாங்கியது ஏன்?

எண்ணெய். 1937 முதல் சீனாவில் போரிட்டுவந்த ஜப்பான் தன் எண்ணெயில் சுமார் 80 சதவீதத்தை அமெரிக்காவிடமிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. 1941 ஜூலையில் அது தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது; ஆகஸ்டில் எண்ணெய் நின்றுபோனது. சீனாவை விட்டு வெளியேறுவது ஒரு வழி. டச்சுக்காரர்கள் வசமிருந்த சுமத்ரா, போர்னியோ எண்ணெய் வயல்களைப் பிடுங்கிக்கொள்வது இன்னொரு வழி. ஜப்பானியத் தலைமை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அங்கே போகும் பாதையில் அமெரிக்கக் கடற்படை குறுக்கிடாமல் இருக்கத்தான் ஹவாயில் உள்ள முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹார்பர்) தாக்கப்பட்டது.

1941 டிசம்பர் 7. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள், சுமார் 350 விமானங்கள். அமெரிக்கர்கள் ஏறத்தாழ 2,400 பேர் இறந்தனர். 'அரிசோனா' கப்பலில் மட்டும் 1,177 பேர். ஆனால் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் எதுவும் அன்று துறைமுகத்தில் இல்லை. எண்ணெய்த் தொட்டிகள், பழுதுபார்க்கும் துறைகள், நீர்மூழ்கித் தளம் ஆகியவை தப்பின. எண்ணெய்க்காகப் போருக்குப் போனவர்கள் எதிரியின் எண்ணெய்த் தொட்டிகளை விட்டுவிட்டு வந்ததை என்னவென்று சொல்வது! அங்கிருந்த எட்டுப் போர்க்கப்பல்களில் ஆறு பின்னர் மீண்டும் கடலுக்கு வந்தன.

டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்காவின் மேல் போர் அறிவித்தார். மாஸ்கோவில் எதிர்த்தாக்குதல் தொடங்கிய டிசம்பர் 5 முதல் 11 வரையிலான அந்த ஒரு வாரத்தைவிட முக்கியமான வாரம் இந்தப் போரில் இல்லை என்பேன்.

கொழும்பும் சென்னையும் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தனவா?

1942 ஏப்ரலில், ஆம். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அங்கே மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் சரணடைந்தனர், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள். மார்ச்சில் ரங்கூன் போயிற்று. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே கால்நடையாகவும் கிளம்பினர். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய, ஜப்பானியத் தளபதி நகுமோவின் அதே கடற்படை வங்கக் கடலோரம் வந்தது. ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே அதைக் கண்டவர் கனடிய விமானி லியனார்ட் பெர்ச்சால். செய்தியை அனுப்பும்போதே அவரது விமானம் சுடப்பட்டு அவர் சிறைப்பட்டார். அவர் கொடுத்த எச்சரிக்கையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறிவிட்டன. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே பிரிட்டனின் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

சென்னையில் பீதி பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குப் போனார்கள். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று, மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜப்பான் இலங்கையைப் பிடிக்க முயலவில்லை. அந்தக் கப்பல்கள் பசிபிக் பக்கம் திரும்பிப் போயின. போன இடத்தில்தான் மிட்வே காத்திருந்தது.

சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பல் இந்தப் போரைச் சேர்ந்ததா?

இல்லை. அது முதல் உலகப் போர். 1914 செப்டம்பர் 22 இரவு.

மிட்வே சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்தது என்கிறார்களே?

ஐந்து நிமிடத்தில் முடிவானது என்று சொல்லலாம். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது.

ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளை ஹவாயில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோசப் ரோஷ்ஃபோர்ட்டின் குழு ஓரளவு படித்துவிட்டது. 'ஏஎஃப்' என்ற இடத்தின் மேல் பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்தது. அந்த இடம் எது? மிட்வே தீவில் குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தியை எல்லோருக்கும் புரியும்படி அனுப்பச் செய்தார்கள். சில நாட்களில் ஜப்பானியச் செய்தி ஒன்று, ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றது. இடம் உறுதியானது. பவளக் கடல் சண்டையில் அடிபட்டு வந்த 'யார்க்டவுன்' விமானந்தாங்கிக் கப்பலை முத்துத் துறைமுகத்தில் மூன்றே நாளில் ஒட்டுப்போட்டுக் கிளப்பினார்கள். ஆறு மாதம் முன்பு குண்டு விழாமல் தப்பிய அதே பழுதுபார்க்கும் துறையில்தான் அந்த வேலை நடந்தது.

1942 ஜூன் 4 காலை நகுமோ தன் விமானங்களில் பாதியைத் தீவைத் தாக்க அனுப்பினார். கப்பல்களை அடிக்க டார்பிடோ (நீருக்குள் பாயும் வெடிகுண்டு) மாட்டி வைத்திருந்த மீதி விமானங்களுக்கு, தீவை மறுபடி தாக்கலாம் என்று குண்டு மாட்டச் சொன்னார். பிறகு அமெரிக்கக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் மீண்டும் டார்பிடோ மாட்டச் சொன்னார். கப்பலின் உள்தளத்தில் கழற்றிய குண்டுகள் அப்படியே கிடந்தன. அமெரிக்க டார்பிடோ விமானங்கள் தாழப் பறந்து வந்து வரிசையாக வீழ்ந்தன. எட்டாவது டார்பிடோ அணியின் 15 விமானங்களும் போயின, அவற்றில் சென்ற 30 பேரில் உயிர் பிழைத்தவர் ஒருவர்தான். ஆனால் அவர்களைத் துரத்திய ஜப்பானியப் போர் விமானங்கள் அதனால் கீழேயே இருந்துவிட்டன.

அதே நேரம் அமெரிக்க விமானி வேட் மக்லஸ்கி தலைமையிலான குண்டுவீச்சு விமானங்கள் எரிபொருள் குறைந்த நிலையில் எதிரியைத் தேடிக்கொண்டிருந்தன. கீழே ஒற்றை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் விரைந்து போவதைக் கண்டு, அது தன் கூட்டத்தை நோக்கித்தான் போகும் என்று ஊகித்து அதே திசையில் பறந்தார். பத்தேகால் மணிக்குச் சற்றுப் பின், 'யார்க்டவுன்' விமானங்களும் வந்து சேர, அகாகி, காகா, சோர்யு ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் சில நிமிடங்களில் தீப்பற்றின. நான்காவதான ஹிர்யு அன்று மாலை. நான்குமே முத்துத் துறைமுகத்தைத் தாக்கப் போனவை.

விமானந்தாங்கிக் கப்பல்களோடு பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும் போனார்கள். அமெரிக்காவோ 1943 முதல் போர் முடியும் வரை 15-க்கும் மேற்பட்ட பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கடலில் இறக்கியது; ஜப்பானால் அந்த வேகத்தில் ஈடுகட்ட முடியவில்லை. 1942 ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனால் தீவில் அமெரிக்கர்கள் இறங்கினார்கள். பசிபிக்கில் அடுத்த சண்டையின் இடத்தை முதல் தடவையாக அவர்கள் குறித்தார்கள். 1943 பிப்ரவரியில் ஜப்பான் அந்தத் தீவைக் கைவிட்டது.

ஸ்டாலின்கிராட் ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

இங்கும் எண்ணெயில்தான் தொடங்க வேண்டும். 1942 கோடையில் ஹிட்லரின் இலக்கு காக்கேசஸ் எண்ணெய் வயல்கள்: மாய்கோப், குரோஸ்னி, பாக்கு. வோல்கா கரையில் இருந்த ஸ்டாலின்கிராட் அந்தப் படையெடுப்பின் பக்கவாட்டுக் காவல் மட்டுமே. போகப்போக நகரத்தின் பெயரே இலக்காகிவிட்டது.

ஆகஸ்ட் 23 அன்று விமானத் தாக்குதலில் நகரம் எரிந்தது. பிறகு தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி சண்டை. சோவியத் தளபதி சூய்கோவின் 62-ஆவது படை எதிரிக்கு மிக அருகிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு நெருக்கத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசினால் சொந்த ஆட்கள் மேலும் விழும். தானியக் கிடங்கு ஒன்றைச் சிறு குழு நாட்கணக்கில் பிடித்து நின்றது. படகுகள் இரவில் வோல்காவைக் கடந்து ஆட்களையும் குண்டுகளையும் கொண்டுவந்தன, காயம்பட்டவர்களைக் கொண்டுபோயின.

நவம்பர் 19 அன்று செம்படை நகரத்துக்கு வெளியே, வடக்கிலும் மறுநாள் தெற்கிலும் தாக்கியது. அங்கே காவல் நின்றவை கனரக ஆயுதம் போதாத ருமேனியப் படைகள். நான்கு நாளில் கலாச் அருகே இரு முனைகளும் சந்தித்தன. இரண்டரை லட்சம் பேருக்குமேல் உள்ளே அகப்பட்டனர். வானிலிருந்து உணவும் எரிபொருளும் போடுவேன் என்று ஜெர்மானிய விமானப் படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். உள்ளே அகப்பட்ட ஜெர்மனியின் ஆறாவது படைக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். வந்ததோ சராசரியில் அதில் பாதிகூட இல்லை. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள்.

1943 ஜனவரி 30 அன்று ஹிட்லர், அந்தப் படையின் தளபதி பவுலுஸை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தினார். அதுவரை எந்த ஜெர்மானிய ஃபீல்டு மார்ஷலும் உயிரோடு பிடிபட்டதில்லை. தற்கொலை செய்துகொள் என்பதே அந்தப் பதவி உயர்வின் பொருள். பவுலுஸ் மறுநாள் சரணடைந்தார். பிப்ரவரி 2 அன்று மீதிப் பேரும். பிடிபட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ 6,000 பேர்; கடைசிக் குழு 1955-இல்தான் வீடு வந்தது.

கிழக்கே அதற்குப் பிறகு ஜெர்மனி தன் விருப்பப்படி நடத்திய பெருந்தாக்குதல் ஒன்றே ஒன்று. 1943 ஜூலை 5, குர்ஸ்க். சோவியத் தரப்புக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது; அடுக்கடுக்காகப் பதுங்குகுழியும் கண்ணிவெடியும் வைத்துக் காத்திருந்தார்கள். இரண்டு வாரம்கூட அது நீடிக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு முழுவதுமாகக் கை மாறியது குர்ஸ்கில்தான்.

எல் அலமைன்?

எகிப்தில் உள்ள எல் அலமைனில் 1942 அக்டோபர் 23 இரவு பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் படை தாக்கியது; நவம்பர் 4 அன்று ஜெர்மானியத் தளபதி ரோமெல் பின்வாங்கினார். இந்திய நான்காவது டிவிஷனும் அங்கே போரிட்டது. ரோமெலின் எண்ணெய்க் கப்பல்கள் வழியிலேயே மூழ்கடிக்கப்பட்டதால் அவரது டாங்கிகள் நகர முடியாமல் தவித்தன. சூயஸ் காப்பாற்றப்பட்டது, வட ஆப்பிரிக்காவின் திருப்புமுனை இது. அளவில் ரஷ்யப் போர்முனையோடு வைத்துப் பார்க்கக் கூடாது.

அட்லாண்டிக் கடல் போரைப் பற்றி ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை?

அது ஒரு நாளில், ஓர் ஊரில் நடக்காததால். பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோன கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூன்றரை ஆண்டு வேட்டையாடின. 1943 மார்ச்சில்கூட அவற்றின் கை ஓங்கியிருந்தது. மே மாதத்தில் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. மே 24 அன்று ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் அவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். நீண்ட தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், குறுகிய அலை ராடார், துணைக்கு வந்த சிறு விமானந்தாங்கிக் கப்பல்கள், சங்கேதம் உடைத்தவர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்த விளைவு அது.

சங்கேதம் உடைத்தது என்றால் அதற்கான பிரிட்டிஷ் மையம் பிளெட்ச்லி பார்க்கும் அங்கே பணியாற்றிய கணித அறிஞர் ஆலன் டூரிங்கும் நினைவுக்கு வருவார்கள்; வர வேண்டியதுதான். கூடவே இன்னும் மூவரை நினைக்க வேண்டும். 1942 அக்டோபர் 30 இரவு மத்தியதரைக் கடலில் யு-559 என்ற நீர்மூழ்கி மூழ்கிக்கொண்டிருந்தபோது டோனி ஃபாஸன், காலின் கிரேசியர் இருவரும் நீந்திப்போய் அதற்குள் இறங்கிச் சங்கேதப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கி மேலே கொடுத்தவர் டாமி பிரவுன், கப்பல் கேன்டீனில் வேலை செய்த 16 வயதுப் பையன். மறுபடியும் உள்ளே போன ஃபாஸனும் கிரேசியரும் நீர்மூழ்கியோடு மூழ்கினார்கள். அந்தப் புத்தகங்களைக் கொண்டுதான் டிசம்பரில் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் செய்திகளை மீண்டும் படிக்க முடிந்தது.

நார்மண்டி தரையிறக்கம்தானே ஜெர்மனியை வீழ்த்தியது?

1944 ஜூன் 6 அன்று சுமார் 1,56,000 வீரர்கள் கடல்வழியாகவும் வான்வழியாகவும் நார்மண்டியில் இறங்கியது மாபெரும் சாதனை. செயற்கைத் துறைமுகங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். தாக்குதல் பிரான்சின் கலே துறைமுகப் பக்கம்தான் வரும் என்று ஜெர்மானியர்களைப் பல வாரம் நம்பவைத்தார்கள். ஆனால் போர் ஏற்கெனவே திரும்பியிருந்தது. நார்மண்டி போரைச் சுருக்கியது. போருக்குப் பிந்தைய ஐரோப்பா எங்கே பிரியும் என்பதையும் பெரிதும் அதுவே முடிவு செய்தது.

அதே ஜூன் மாதம் 22-ஆம் தேதி வாக்கில் பெலாரஸில் சோவியத் படை தொடங்கிய 'பக்ராத்தியோன்' தாக்குதலைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. சில வாரங்களில் ஜெர்மனியின் மையப் படைத் தொகுதியே சிதறியது. ஜூலை 17 அன்று சுமார் 57,000 ஜெர்மானியக் கைதிகளை மாஸ்கோ தெருக்களில் நடத்திச் சென்றார்கள். பின்னாலேயே தண்ணீர் வண்டிகள் தெருவைக் கழுவிக்கொண்டு வந்தன. சோவியத் மக்கள் இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர்கள். அமெரிக்கா அனுப்பிய 4 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் ஜீப்புகளும் அந்தப் படையை நகர்த்த உதவின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இம்பால், கோஹிமா சண்டைகளும் திருப்புமுனைதானா?

பர்மாப் போர்முனைக்கு, சந்தேகமே இல்லை. 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முத்தகுச்சியின் படைகள் மூன்று வாரத்துக்கு மட்டும் உணவு எடுத்துக்கொண்டு மலைகளைக் கடந்தன. மீதியை எதிரியிடம் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் பின்வாங்குவதுபோல் இழுத்து, முற்றுகைக்குள் இருந்த தன் படைக்கு விமானத்தில் உணவு போட்டார். கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரு படைகளும் குழி வெட்டி நின்றன. ஜூலையில் ஜப்பானியர் திரும்பினர்; மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்தான்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் அவர்களோடு வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அதில் ஏராளம். ஜான்சி ராணிப் படையின் தலைவி சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி. பிரிட்டிஷ் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் வரை சேர்ந்திருந்தார்கள். எனவே இரண்டு பக்கத்துக் குழிகளிலும் இந்தியர்கள் இருந்தார்கள். இதில் எந்தப் பக்கத்தாரையும் இழிவாகப் பேச எனக்கு மனம் வராது.

சயாம் மரண ரயில்பாதைக்கும் மிட்வேக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. மிட்வேக்குப் பின் சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழி ஜப்பானுக்குப் பாதுகாப்பற்றதாயிற்று. பர்மாவில் இருந்த படைக்கு உணவும் குண்டும் தரைவழியே போக வேண்டும். அதற்காகவே சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மா வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் காட்டிலும் பாறையிலும் வெட்டி முடித்தார்கள். 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் அங்கே இறந்தனர்; அவர்களுக்குக் கல்லறைகள் இருக்கின்றன, பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நல்ல சம்பளம் என்று சொல்லியும், பலரை லாரியில் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோன தமிழர்களும், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்களும் அதைப்போலப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொண்டுபோன அந்தத் தொழிலாளர்களைப் போர் வரலாற்றின் அடிக்குறிப்பாக வைப்பது எனக்கு ஒப்பாது.

1943 வங்காளப் பஞ்சத்தையும் இங்கேயே சேர்க்க வேண்டும். பர்மா அரிசி நின்றது, ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று படகுகளும் நெல்லும் அப்புறப்படுத்தப்பட்டன, விலை ஏறியது, அரசு உரிய நேரத்தில் தானியம் கொண்டுவரவில்லை. 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் வரை மாண்டனர். எந்தப் படையும் அங்கே தோற்கவில்லை.

ஜப்பான் சரணடைந்தது அணுகுண்டால்தானா?

ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. 8-ஆம் தேதி சோவியத் ஒன்றியம் போர் அறிவித்து, மறுநாள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. அதே 9-ஆம் தேதி நாகசாகி. முதல் இலக்காக இருந்த கொக்குரா நகரம் புகைமூட்டத்தால் தப்பியது. மூன்று நாளுக்குள் எல்லாம் நடந்ததால் எது தீர்மானித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதற்கு முன்பே அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானின் வணிகக் கப்பல்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. எண்ணெய்க்காகத் தொடங்கிய போரில் அந்த நாட்டுக்கு எண்ணெய் வருவதே நின்றிருந்தது. தோல்வி உறுதியாகியிருந்தது, ஒப்புக்கொள்வதுதான் பாக்கி என்பது என் எண்ணம். அந்த நிலையில் இரண்டு நகரங்களின் மக்கள் மேல் குண்டு போட்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

போர் முடிந்த தேதி எது? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறதே?

ஐரோப்பாவில் ஜெர்மனி சரணடைந்தது 1945 மே 8. மாஸ்கோ நேரப்படி அப்போது நள்ளிரவு தாண்டியிருந்ததால் ரஷ்யாவில் மே 9. ஜப்பானியப் பேரரசர் வானொலியில் அறிவித்தது ஆகஸ்ட் 15. டோக்கியோ விரிகுடாவில் 'மிசௌரி' கப்பலில் கையெழுத்தானது செப்டம்பர் 2. தேர்வில் போர் முழுவதும் முடிந்த நாளைக் கேட்டால் செப்டம்பர் 2 என்று எழுதுங்கள். ஐரோப்பாவில் என்று கேட்டால் மே 8.